பெரிய சிறுத்தை எங்கே கிடைக்கும்?

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஆண் சிறுத்தையைச் சுட வேண்டும் என்று பணமும் ஆசையும் உள்ள ஒருவர் முடிவு செய்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி எங்கே போவது என்பது. நமீபியாவின் வறண்ட பண்ணை நிலமா, ஜிம்பாப்வேயின் ஜாம்பெசி பள்ளத்தாக்கா, தான்சானியாவின் காடுகளா, ஜாம்பியாவா? வேட்டை நிறுவனங்கள் இதற்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பட்டியல் என்றால் உள்ளே இருக்கும் மதிப்புகளுக்கு முன்னால் அதன் நெடுவரிசைகளைத்தான் பார்ப்பேன். நாடு, எத்தனை நாள் தங்க வேண்டும், கட்டணம், அரசு ஒதுக்கீடு, இரை கட்டிக் காத்திருக்கலாமா, நாய்களை விடலாமா, தோலை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா. கடைசியில் ஒரு நெடுவரிசை, எவ்வளவு பெரிசு கிடைக்கும் என்று.

இதில் அந்தக் கடைசி ஒன்றுதான் சிறுத்தையைப் பற்றியது. மற்றதெல்லாம் மனிதர்கள் எழுதிய சட்டங்களைப் பற்றியது.

இந்தப் பட்டியல் நமக்கு அந்நியமானதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்ட ஊர்கள் சேலம் ஜில்லா, நீலகிரி, மைசூர் சமஸ்தானம். நான் விருத்தாசலத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து சேலம் போகும் ரயிலில் சின்னசேலம் தாண்டினால் கல்வராயன் மலை கூடவே வரும். அதற்குப் பிறகு சேர்வராயன். வடக்கே ஜவ்வாது, ஏலகிரி, மேற்கே தேன்கனிக்கோட்டை. அன்றைக்கு நாம்தான் அந்தப் பட்டியல். எப்படி அதில் ஏறினோம், எப்படி இறங்கினோம், இறங்கியதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

1. உடம்பு

முதலில் இயற்கை சொல்லும் விடை. ஆப்பிரிக்காவின் சவன்னாவிலிருந்து ரஷ்யாவின் தூரக் கிழக்கு வரைக்கும், நடுவே நம்ம மலைகளிலும், இருப்பது ஒரே இனம்தான். ஆனால் அளவு ஊருக்கு ஊர் மாறும். தென்னாப்பிரிக்காவின் கேப் மலைகளில் ஒரு ஆண் சிறுத்தை சராசரியாக 35 கிலோ. அதே நாட்டின் வடகிழக்குச் சமவெளியில் 60 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரே நாடு, ஒரே இனம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காரணம் இரை. மலையில் குழிமுயலும் சின்ன மான்களும்தான். சமவெளியில் இம்பாலா மந்தை மந்தையாக இருக்கிறது.

போட்டியாளர் யார் என்பது இரண்டாவது காரணம். புலியோ சிங்கமோ இருக்கும் இடத்தில் சிறுத்தை ஒதுங்கி வாழும். இலங்கையில் இரண்டுமே இல்லை. காட்டின் தலைவன் சிறுத்தைதான். அங்கே அது நன்றாக வளர்வதற்கு இதையும் ஒரு காரணமாக உயிரியலாளர்கள் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அளவு வித்தியாசம் ஒரு பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. இந்தியாவிலிருந்த வேட்டைக்காரர்கள் 'பேந்தர்' வேறு, 'லெப்பர்ட்' வேறு என்று சாதித்தார்கள். பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1867-ல் வெளியான இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில் இதைப் பெரிய வகை, சிறிய வகை என்று பிரித்து வைத்தார். மைசூரில் யானை பிடிக்கும் கெட்டாக்களை நடத்திய சாண்டர்சனின் 1878 நூலிலும் இந்தப் பிரிவு பேசப்படுகிறது. பிறகு வந்த விலங்கியலாளர்கள் இரண்டும் ஒன்றே என்று முடித்துவைத்தார்கள். ஆனால் வேட்டைக்காரர்கள் மனதில் அந்த 'பெரிய வகை' சாகவில்லை. அவர்கள் இன்னொரு விலங்கையே தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கென்று தனி ஊர் இருக்கும் என்று நம்பினார்கள்.

2. நாடா

பெரிசு என்று யார் சொல்வது? அளவு நாடாதான். நாடாவோ சொல்லிக் கொடுத்த மாதிரி சொல்லும்.

பழைய வேட்டைக்காரர்களிடம் இரண்டு முறைகள் இருந்தன. செத்த விலங்கை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, நடுவே நேர்கோட்டில் அளப்பது ஒன்று. முதுகின் வளைவெல்லாம் தொட்டுக்கொண்டு நாடாவை உடம்பின் மேலேயே ஓட்டுவது இன்னொன்று. ருத்ரபிரயாகையில் 1918 முதல் 1926 வரை அரசுக் கணக்குப்படி 125 பேரைக் கொன்ற சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்ட பிறகு இரண்டு விதமாகவும் அளந்தார். முளைகளுக்கு நடுவே 7 அடி 6 அங்குலம். வளைவின் மேல் 7 அடி 10 அங்குலம். ஒரே விலங்கு, ஒரே ஆள், 4 அங்குலம் வித்தியாசம். கார்பெட் நேர்மையானவர், இரண்டையும் எழுதிவைத்தார். எல்லோரும் அப்படி இல்லை. போதாததற்கு இந்த நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வால்தான் இருக்கும். நீண்ட வால் உள்ள சிறுத்தை 'பெரிய' சிறுத்தை ஆகிவிடும்.

உரித்த தோலை அளந்தால் இன்னும் மோசம். ஈரத் தோலை இழுத்து முளையடித்துக் காயவைத்தால் அது வளரும். எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிரானதைப் பார்க்கலாம். விருத்தாசலம் செராமிக் ஊர். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் களிக்குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பார்கள். காயும்போது சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். அதனால் பத்து அங்குல பொம்மை வேண்டுமென்றால் அச்சை அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்று தெரியாதவன் அச்சு செய்ய முடியாது. களிமண்ணுக்கு அந்தக் கணக்கு உண்டு. தோலுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, இழுப்பவன் கைதான் கணக்கு.

இந்தச் சிக்கலை முதலில் வியாபாரமாக்கியவர் லண்டனில் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்ட். உலகம் முழுக்கச் சுடப்பட்ட விலங்குகளின் அளவுகளைத் தொகுத்து 1892-ல் ஒரு பதிவேடு போட்டார். அது இன்றும் தொடர்கிறது. சிறுத்தைக்கு இப்போது மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டித்தான் மதிப்பெண். எலும்பை இழுத்து நீட்ட முடியாது இல்லையா. ஆனால் பதிவேடு வந்த பிறகு நடந்த மாற்றம் வேறு. அதுவரை வேட்டைக்காரன் தன் ஜில்லாவின் சிறுத்தையைச் சுட்டான். இப்போது அவன் சுட்டது உலகத்தின் மற்ற எல்லாச் சிறுத்தையோடும் ஒரே வரிசையில் நின்றது. வரிசை வந்துவிட்டால் எந்த ஊரில் முதலிடம் கிடைக்கும் என்ற கேள்வி தானாக வரும்.

நம்ம பக்கத்தில் இந்த வரிசைக்குப் பொருள் தயாரித்துக் கொடுத்தது மைசூர். வான் இங்கென் குடும்பத்தின் பாடம் செய்யும் தொழிற்சாலை 1900 வாக்கில் தொடங்கி 1999-ல் மூடப்பட்டது. அந்த நூறு வருஷத்தில் அவர்கள் பாடம் செய்த புலிகளும் சிறுத்தைகளும் மட்டும் 43,000-க்கு மேல். காகிதக்கூழை அச்சில் போட்டு உடல் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். அச்சுகள் அளவு வாரியாக இருக்கும். ஜவ்வாது மலைச் சிறுத்தையும் மத்திய இந்தியச் சிறுத்தையும் ஒரே அச்சின் மேல் ஒரே உறுமலோடு நிற்கும். எங்கே வாழ்ந்தது என்பது பலகையில் ஒட்டிய சீட்டில் மட்டும்தான் இருக்கும்.

3. சீட்டு

மதராஸ் மாகாணத்தில் ஒரே சிறுத்தை இரண்டு விலங்காக இருந்தது. வேட்டைக்காரனுக்கு அது பரிசு. தாலுகா ஆபீஸுக்கு அது ஒழிக்க வேண்டிய தொல்லை. கொன்றவன் அத்தாட்சியைக் காட்டினால் வெகுமதி கொடுத்தார்கள். பாம்பு, ஓநாய், புலி, சிறுத்தை எல்லாவற்றுக்கும் தலைக்கு இத்தனை என்று விலை. வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அரசுப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். 1875-லிருந்து 1925 வரையான ஐம்பது வருஷத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் வெகுமதிக்காகக் கொல்லப்பட்ட சிறுத்தைகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். புலிகள் 80,000-க்கு மேல். இன்றைக்கு நாடு முழுக்க இருக்கும் சிறுத்தைகளைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம், ஒரு கணக்குப் புத்தகத்துக்குள்.

காப்பாற்றுவதற்குச் சட்டம் வந்தபோதும் சிறுத்தை வெளியேதான் நின்றது. 1877-ல் ஊட்டியில் வேட்டைக்காரர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடமானுக்கும் வரையாட்டுக்கும் ஓய்வுக்காலம் கிடைத்தது. அவற்றைத் தின்னும் சிறுத்தைக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு என்றால், நான் சுட வேண்டியதை வேறு யாரும் சுடாமல் பாதுகாப்பது என்று அர்த்தம்.

யார் சுடலாம் என்பதையும் இதே காலம் தீர்மானித்தது. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 1882-ன் மதராஸ் வனச்சட்டம் காப்புக்காடுகளுக்குள் வேட்டையை அரசு விதிகளுக்குள் கொண்டுவந்தது. அதாவது கல்வராயன் மலைக்காரர் தன் ஆட்டைத் தூக்கிய சிறுத்தையை நெருங்க வேண்டுமென்றால் பல தாள்கள் குறுக்கே நின்றன. பெங்களூரிலிருந்து கிளம்பும் துரைக்கு ஒரு அனுமதிச் சீட்டும், பயணியர் மாளிகையில் ஒரு அறையும் போதும். எந்த மலையில் பெரிசு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லி, மோப்பம் பிடித்து, ஆடு கட்டி, மரத்தில் பரண் போட்டுக் கொடுத்தவர்கள் இருளரும் சோளகரும் மலையாளி மக்களும். பதிவேட்டில் இருப்பது துரை பெயர்.

இந்த உலகத்தின் கடைசி ஆட்களில் ஒருவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர், பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் வந்துவிடுவார். வேலை நாளில் தொழிற்சாலை, வார இறுதியில் காடு என்ற அந்த ஏற்பாடு, இன்றைக்கு அதே பெங்களூரில் வேலை பார்க்கும் எங்களுக்கு நன்றாகவே புரியும். 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதும் சிறுத்தை தளிக்குப் பக்கத்திலுள்ள கும்மளாபுரத்தினுடையது. சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை இன்னொன்று.

ஆண்டர்சன் ஊரைத் தேர்ந்தெடுத்த விதம் வேறு. பெரிசு எங்கே என்று அவர் தேடிப் போன கதைகளைவிட, ஆள் செத்துவிட்டது, வா என்று ஊர் அவரை அழைத்த கதைகளே அதிகம் நிற்கின்றன. ஆட்கொல்லிக்கு அளவு முக்கியமில்லை. கும்மளாபுரத்துக்காரருக்கு அது ஏழு அடியா ஏழரை அடியா என்பது ஒரு பொருட்டே இல்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: இன்றைக்கு ராத்திரி அது எங்கே இருக்கும்?

4. கோடு

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா கொஞ்ச காலம் இன்றைய ஆப்பிரிக்கா மாதிரியே இருந்தது. ஷிகார் நிறுவனங்கள் வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய் டாலரில் கட்டணம் வாங்கின. 1969-ல் டெல்லியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாடு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சிறுத்தையும் பிற்பாடு அதன் முதல் அட்டவணைக்குள் வந்தது. 1991-ன் திருத்தத்தோடு உரிமம் வாங்கிச் சுடுவது என்ற ஏற்பாடே போய்விட்டது.

பட்டியலில் இருந்து நாம் இறங்கினோம். பட்டியல் அப்படியே இருந்தது.

1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தம் சிறுத்தையை முதல் இணைப்பில் வைத்தது. வணிகத்துக்குத் தடை. ஆனால் 1982-ல் அமெரிக்கா ஆப்பிரிக்காவுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டது. கோட்டுக்குத் தெற்கே உள்ள சிறுத்தைகள் 'அழியும் நிலை' என்ற வகையிலிருந்து ஒரு படி கீழே இறக்கப்பட்டன, தோலை அனுமதியோடு ஊருக்குக் கொண்டுபோகலாம். 1983-ல் போட்ஸ்வானாவின் கபரோனேயில் கூடிய சைட்டீஸ் மாநாடு ஏழு நாடுகளுக்கு வருடத்துக்கு 460 தோல் என்று ஒதுக்கியது. அதில் கென்யாவுக்கு 80. கென்யாவோ 1977-லேயே வேட்டையைத் தடை செய்திருந்தது! பின்னால் நாடுகளும் கூடி, மொத்த ஒதுக்கீடு 2,000-ஐத் தாண்டியது.

என் தொழில் சம்பந்தமாக இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1988-ல் சைட்டீஸுக்காக ஓர் ஆய்வு ஆப்பிரிக்காவின் சிறுத்தைகளை எண்ணியது. காட்டில் யாரும் போய் எண்ணவில்லை. மழை அளவுக்கும் சிறுத்தை அடர்த்திக்கும் ஓர் உறவைக் கணித்து, அதைக் கண்டம் முழுக்க ஓட்டினார்கள். விடை 7 லட்சத்துக்கும் மேல். மழை அதிகம் என்றால் சிறுத்தை அதிகம் என்று மாதிரி நம்பியது. ஆனால் மழைக்காட்டில் இரையின் பெரும்பகுதி மரத்தின் மேலே இருக்கிறது. தரையில் இருப்பதை மனிதர்களும் வேட்டையாடித் தின்கிறார்கள். மற்ற ஆய்வாளர்கள் இந்த எண் மிக அதிகம் என்று விமர்சித்தார்கள். உள்ளே போனது மழைமானியின் அளவு, வெளியே வந்தது சிறுத்தை. இந்த மாதிரி நிரலை நான் அலுவலகத்தில் கொடுத்தால் முதல் மறுபார்வையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அதற்குப் பிறகு 'எங்கே' என்பதன் விடை சட்டத்தோடு சேர்ந்து இடம் மாறிக்கொண்டே இருந்தது. போட்ஸ்வானா 2014-ல் வேட்டையை நிறுத்தி 2019-ல் திறந்தது. தென்னாப்பிரிக்கா 2016-லும் 2017-லும் சிறுத்தை ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. பிறகு ஒற்றை இலக்கத்தில் திறந்தபோது, 7 வயதுக்குக் குறையாத ஆணை மட்டும் சுடலாம் என்றது. வயதை எப்படிப் பார்ப்பது? கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியை வைத்து. அந்த 7 வயதுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய ஆண் என்பது ஒரு எல்லையின் காவலன். அவன் போனால் புது ஆண் உள்ளே வரும், வந்ததும் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்லும். பதிவேட்டில் ஒரு மண்டையோடு ஏறினால் காட்டில் கணக்கில் வராத நாலைந்து சாவு இருக்கலாம். பெரியதைத் தேடுவது என்பது சரியாக இந்த ஆணைத் தேடுவதுதான்.

5. விலை

இதை வைத்து நாம் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள் என்று முடித்துவிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை.

நமீபியாவில் 1996-ன் சட்டம் கிராமக் கூட்டமைப்புகளுக்கு வனவிலங்கின் மேல் உரிமை கொடுத்தது. வேட்டைக்காரர் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது, சுட்ட கறியும் கிடைக்கிறது. தன் ஆட்டைத் தின்னும் விலங்கை ஒரு கிராமம் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு விடை இருக்கிறது. பணம் முழுதாகப் போய்ச் சேர்கிறதா, ஒதுக்கீடு சரியான எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்டதா என்றெல்லாம் சண்டை உண்டு, நியாயமான சண்டை. ஆனாலும் விடை என்று ஒன்று இருக்கிறது.

நம்முடைய விடை என்ன? 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிறுத்தைகள் 13,874. தமிழ்நாட்டில் 1,070. தடை வேலை செய்திருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். இதில் பல சிறுத்தைகள் வால்பாறை, கூடலூர் மாதிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் வாழ்கின்றன. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தையை ஒரு சிறுத்தை கொன்றது. தோட்டத்தில் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியின் குழந்தை. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மயக்க ஊசி போட்டுச் சிறுத்தையைப் பிடித்து, வண்டலூர் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது.

துரை காலத்தில் ஆடு கட்டினவரும், இன்றைக்கு லைன் வீட்டில் இருப்பவரும், எந்தக் காலத்திலும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. சுடலாம் என்ற சட்டத்தையும் சுடக்கூடாது என்ற சட்டத்தையும் எழுதியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். நான் தடையின் பக்கம்தான். ஒன்றரை லட்சம் என்ற அந்த எண்ணைப் பார்த்த பிறகு வேறு பக்கம் நிற்க முடியவில்லை. ஆனால் தடையின் செலவு ஊரெல்லாம் சமமாகப் பிரிவதில்லை. அது தோட்டத்து லைனில், கழிப்பறைக்கு இருட்டில் வெளியே போக வேண்டிய வீட்டில், பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் பிள்ளையிடம் வசூலாகிறது. சிறுத்தை வேண்டும் என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்லும் நாம், அந்த வீட்டுக்கு ஒரு விளக்கும் கதவுள்ள கழிப்பறையும் பள்ளிக்கு ஒரு வண்டியும் கேட்காமல் சொன்னால், பயணியர் மாளிகைத் துரைக்கும் நமக்கும் பெரிய தூரம் இல்லை. வேண்டியதை நாம் எடுத்துக்கொள்கிறோம், பரண் கட்டுபவர் வேறு ஆள்.

சேலம் ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கல்வராயனைப் பார்க்கும்போது, அங்கே எவ்வளவு பெரிய சிறுத்தை இருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை. மலையின் அடிவாரத்தில் எந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் தோன்றுகிறது.